எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

அன்புள்ள நிலா,

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபை எதிலிருந்து படிப்பது என்று கேட்டிருந்தாய். 1941-இல் கோட்டுப் பையில் கல்லோடு ஆற்றில் இறங்கி உயிரை விட்டதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நீ அங்கே தொடங்காதே. லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொடங்கு.

1917-இல் அங்கே ஒரு சின்னக் கை அச்சு இயந்திரம் வந்தது. எழுத்துகளோடு சேர்த்து விலை 19 பவுன் 5 ஷில்லிங் 5 பென்ஸ். அவரும் கணவர் லெனார்டும் (யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தாரே, அவரேதான்) 16 பக்கக் கையேட்டை வைத்துக்கொண்டு தொழிலைக் கற்றார்கள்.

ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கும். ஒவ்வொன்றாக ஸ்டிக் என்ற கைத்தட்டில் கோத்து, வரி ஆடாமல் இறுக்க வேண்டும். தளர்வாக விட்டால் தூக்கும்போதே கொட்டிவிடும். அச்சடித்த பின் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட வேண்டும். தொடக்கத்திலேயே வர்ஜீனியா 'ஹெச்'சையும் 'என்'னையும் கலந்துவிட்டார். இரண்டுக்கும் ஒரு கொம்புதான் வித்தியாசம். அறை மாறிப் போட்டது அப்போது தெரியாது, அடுத்த பக்கம் கோக்கும்போதுதான் பிழையாக வந்து நிற்கும்.

ஆளுக்கொரு கதை எழுதி 150 பிரதி போட்டார்கள். 1923-இல் கவிஞர் டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' நூலுக்கும் எழுத்துக் கோத்தது வர்ஜீனியாதான்.

இந்த வேலையில் வெற்றிடத்துக்கும் ஈயத் துண்டு வைத்தாக வேண்டும். சும்மா விட்ட இடம் என்று ஒன்று கிடையாது. 1922-இல் வந்த 'ஜேக்கப்ஸ் ரூம்' நாவலில் துண்டு துண்டான காட்சிகளுக்கு நடுவே வெள்ளை இடம் விட்டிருப்பதைப் பார், அது கோத்துப் பழகிய கையின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் இரண்டு நாவல்களையும் அம்மாவின் முதல் திருமணத்தில் பிறந்த அண்ணன் ஜெரால்ட் டக்வொர்த்தின் பதிப்பகம் போட்டது. இதிலிருந்து சொந்தப் பதிப்பகம். இங்கிலாந்தில் நினைத்ததை எழுதச் சுதந்திரமுள்ள ஒரே பெண் நான்தான் என்று 1925-இல் நாட்குறிப்பில் எழுதினார்.

ஆகவே முதலில் அந்த 150 பிரதியில் இருந்த அவர் கதை, 'தி மார்க் ஆன் தி வால்'. சில பக்கம்தான். அடுத்து 'ஜேக்கப்ஸ் ரூம்', பிறகு 'மிஸஸ் டாலோவே'. டாலோவேயில் அத்தியாயமே கிடையாது, ஒரு பத்தி முடிவதற்குள் ஒருவர் மனசிலிருந்து இன்னொருவர் மனசுக்குத் தாவிவிடும். அங்கேதான் பலரும் கீழே வைத்துவிடுகிறார்கள். கதை நடப்பது ஒரே ஒரு ஜூன் நாள். லண்டனின் பெரிய மணிக்கூண்டான பிக் பென் அடிக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போ. வழி தவறினால் கடைசிக் கோட்டுக்குத் திரும்பி வந்து படி.

அம்மா