டயோடு பொருத்தாமலே பொருத்தியதாகப் பில்: மினோல்டா எஸ்ஆர்டி-101 லைட் மீட்டர் பழுது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், கேமரா பழுதுபார்ப்புப் பிரிவு

ஐயா,

வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைச் சரிசெய்ய உங்களிடம் கொடுத்த என் மினோல்டா எஸ்ஆர்டி-101 கேமரா குறித்து எழுதுகிறேன். பில்லில் எழுதிக் கட்டணமும் வாங்கிக்கொண்ட வேலையை நீங்கள் செய்யவில்லை.

கேமராவைக் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தேன். 1966இல் வெளிவந்த இந்த மாடலின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. அந்த பேட்டரி தீரும்வரை ஏறக்குறைய ஒரே வோல்டேஜைத் தரும். பாதரசம் நஞ்சு என்பதால் இப்போது அது கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரி போட்டு, மிகுதி வோல்டேஜைக் குறைக்க ஷாட்கி டயோடு என்ற சிறு மின்னணுப் பாகம் ஒன்றை வைக்க வேண்டும்; பேட்டரி அறையிலிருந்து போகும் களிம்பேறிய வயரையும் மாற்ற வேண்டும் என்றேன். உங்கள் ஊழியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பில்லிலும் 'டயோடு, புது வயர், மீட்டர் அளவு திருத்தம்' என்றுதான் இருக்கிறது.

திரும்பி வந்த கேமராவில் மீட்டரின் முள் அசைந்தது. அதை நம்பித் திருவாரூர் ஆழித்தேருக்கு எடுத்துச் சென்றேன். கழுவி வந்த நெகட்டிவ்களைப் பார்த்து நொந்துபோனேன். வானமும் தேர்ச்சீலைகளும் ஓரளவு பதிந்திருக்கின்றன. தேரின் நிழலில் வடம் பிடித்தவர்களின் முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் படலம் வெறுமையாக இருக்கிறது. எந்த லேபிலும் அவற்றை மீட்க முடியாது.

பிறகு மேகமில்லாத உச்சிவெயிலில் சோதித்தேன். படச்சுருளின் ஒளியுணர்வு ஏஎஸ்ஏ 400, ஷட்டர் 1/500 நொடி. லென்ஸ் துளையை எஃப்/16 என்று காட்ட வேண்டிய மீட்டர், அதைவிடச் சிறிய எஃப்/22ஐயும் தாண்டச் சொல்கிறது; அதனால்தான் படச்சுருளுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கவில்லை. அடியிலுள்ள சுவிட்சை பேட்டரிச் சோதனைக்குத் திருப்பினால் முள் சதுரக் குறியைக் கடந்து ஓடுகிறது. வோல்டேஜ் அதிகம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே இருந்தது சாதாரண 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரி. டயோடு எங்கும் இல்லை. அதே பழைய வயரில் களிம்பைச் சுரண்டிவிட்டு, அறுந்த முனையில் ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறீர்கள்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "ஏஎஸ்ஏ டயலைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இருந்தால் அது சரி. ஆனால் வெயிலில் காட்டும் பிழை வேறு, ஜன்னலோர வெளிச்சத்தில் காட்டும் பிழை வேறு. போதாக்குறைக்கு, அல்கலைன் பேட்டரியின் வோல்டேஜ் பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். இன்று டயலில் வைத்த கணக்கு சில வாரங்களில் பொய்யாகிவிடும். இந்தக் கேமராவின் ஷட்டருக்கு பேட்டரியே தேவையில்லை, மீட்டர் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்றும் சொன்னார்கள். எடுக்கலாம்தான். நான் பணம் கட்டியது மீட்டருக்கு.

கேமராவை உங்கள் செலவில் எடுத்துச் சென்று, ஒப்புக்கொண்டபடி டயோடும் புது வயரும் பொருத்தித் தர வேண்டும். குறைந்த, நடுத்தர, கடும் வெளிச்சம் மூன்றிலும் மீட்டர் காட்டிய அளவுகளை எழுத்தில் தர வேண்டும். இயலாது என்றால் பில் தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். எப்படியானாலும், வீணான படச்சுருளுக்கும் அதைக் கழுவியதற்கும் ஆன செலவை ஈடுசெய்ய வேண்டும்.

பில்லின் நகல், அடித்தகட்டைத் திறந்து எடுத்த படங்கள், நெகட்டிவ்களின் ஸ்கேன் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்