பிரேசர் மலைக்குப் பெயர் கொடுக்கும் முன் ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிரேசர் மலை ஒருநாள் பயணத்துக்குப் பெயர் கொடுக்கக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "அங்கே பார்க்க என்னதான் இருக்கு?" என்பது ஒன்று. "காலை ஐந்து மணிக்கே எதுக்குக் கிளம்பணும்?" என்பது இன்னொன்று. போன முறை வந்த ஒரு குடும்பம் இறங்கும்போது, "மேலே ஒன்றுமே இல்லையே தம்பி" என்று எங்கள் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுப் போனது. பணம் கட்டும் முன்பே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

கேமரன் மலையில் ஸ்ட்ராபெரித் தோட்டம், தேயிலை, இரவுச் சந்தை எல்லாம் உண்டு. கெந்திங்கில் கேபிள் கார் உண்டு. அந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வந்தால் பிரேசர் மலை ஏமாற்றத்தான் செய்யும். அங்கே கடைத்தெரு கிடையாது. காடு, பறவைகள், நூறு வயதை நெருங்கிய அல்லது தாண்டிய கல் வீடுகள், வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாலை, அந்தச் சாலையில் நடந்த சில பெரிய சம்பவங்கள். அவ்வளவுதான். எங்களைக் கேட்டால், நம் பத்தாங்காலியிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களில் இதற்கு ஈடாக வேறொன்று இல்லை. ஆனால் நேரம் தவறினால் பாதி போச்சு.

முதலில் அந்த ஐந்து மணி. கோலகுபு பாருவிலிருந்து மேலே நாற்பது கிலோமீட்டர் சொச்சம், அதில் பெரும்பகுதி வளைவு. விடியும் நேரத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். ஏனென்றால் மலையில் இரவு முழுக்க எரியும் விளக்குகளைத் தேடி விட்டில்கள் வந்து சுவரிலும் கம்பத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில உள்ளங்கை அகலம்கூட இருக்கும். பொழுது புலரும்போது காட்டிலிருந்து பறவைகள் கூட்டமாக வந்து அவற்றைக் கொத்தித் தின்னும். பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து ஓர் அலைபோல வரும்; சில நிமிடங்களில் மரம் மாறிப் போய்விடும். காது ஓரம் வெள்ளிப் பூச்சு பூசினாற்போல ஒரு சின்னப் பறவை, நீண்ட வாலுடைய சிபியா, கறுப்புக் கழுத்துத் தேன்சிட்டு, இதையெல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் பார்க்கலாம். எட்டரை மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு வெறும் விளக்குக் கம்பம்தான் மிச்சம்.

இந்த மலையில் இதுவரை 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்களைக் கண்டு பதிந்திருக்கிறார்கள். 1988-இல் தொடங்கிய அனைத்துலகப் பறவை பார்க்கும் போட்டிக்கு வெளிநாட்டுக்காரர்கள் தொலைநோக்கியும் கழுத்துமாக வருவார்கள். நம் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வேண்டாம், கண் போதும். கூட ஒன்று: காலையில் காட்டுக்குள்ளிருந்து கூப்பாடு மாதிரி ஒரு சத்தம் எழும்பும். பயப்பட வேண்டாம், அது சியாமாங் என்னும் வாலில்லாக் குரங்கு. கறுப்பு நிறம், நீண்ட கை, தொண்டையில் பலூன்போல ஊதிக்கொள்ளும் பை. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிக் கத்துவது மலை தாண்டிக் கேட்கும்.

பறவை பார்த்தபின் பசியாறல். நாசி லெமாக் நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம், அது கட்டணத்தில் சேர்ந்தது. பிறகு மணிக்கூண்டு. மலையின் நடுவில், சுற்றிலும் கொடி படர்ந்த கல் கட்டடங்களோடு நிற்கும் அந்தச் சின்னக் கோபுரத்தின் முன்னால்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தில் புல்வெளியாகத் தெரியும் ஒன்பது குழி கோல்ஃப் திடலையும் கொஞ்சம் பாருங்கள். மலைக்குப் பெயர் வந்த கதை அதற்குள்தான் இருக்கிறது.

லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-களில் இங்கே வெள்ளீயம் தோண்ட வந்தார். ஈய மண்ணைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக் கீழே அனுப்பினார். சுரங்கக் கூலிகளுக்கு அபினும் சூதாட்டமும் நடத்தினார் என்றும் சொல்வார்கள். ஈயம் தீர்ந்தது, ஆளும் காணாமல் போனார். 1917-இல் சிங்கப்பூர் ஆயர் பெர்குசன்-டேவி அவரைத் தேடிக்கொண்டு மலை ஏறினார். ஆள் கிடைக்கவில்லை, குளிர் பிடித்துப்போயிற்று. இறங்கி வந்து, வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க இது ஏற்ற இடம் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். 1919-இல் வேலை தொடங்கி 1922-இல் மலை திறக்கப்பட்டது. பிரேசர் தோண்டிய ஈயக்குழிகளை நிரவித்தான் அந்தக் கோல்ஃப் திடலைப் போட்டார்கள். ஆயரின் பெயரில் ஒரு காட்டுப் பாதையும் இருக்கிறது. குட்டையானது, பாட்டிமார்கூட மெதுவாக நடந்துவிடலாம், வேர்களில் மட்டும் கால் பார்த்து வைக்க வேண்டும். பைன் மரப் பாதை என்று இன்னொன்று உண்டு. அது போகவர ஒரு முழுநாள் வேலை, இந்தப் பயணத்தில் சேர்க்கவில்லை.

முதல் உலகப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் தேறுவதற்காக 1924-இல் கட்டிய கல் வீட்டில் இப்போது தங்கும் விடுதி நடக்கிறது. அங்கே தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் சாப்பிடப் பலருக்கு ஆசை. விலை நம் கடை விலை அல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். ஜெரியாவ் நீர்வீழ்ச்சி திறந்திருந்தால் அரைமணி நேரம் நிற்போம். அதைப் பார்ப்பதற்கென்றே யாரும் வர வேண்டாம்.

மதியம் இறக்கம். ஏறும்போது இருட்டு என்பதால் எங்கும் நிற்க மாட்டோம். வரலாற்று இடங்கள் எல்லாம் திரும்பும் வழியில்தான். பழைய சாலையில் ஏறி புதிய சாலையில் இறங்குவது வழக்கம். மண் சரிந்து ஒன்றை மூடிவிட்டால் ஒரே சாலையில் நேரம் வைத்து மாற்றி மாற்றி விடுவார்கள். அப்போது கேப் என்னும் இடத்தில் காத்திருக்க நேரலாம். ஓட்டுநரைக் கோபிக்காதீர்கள். சிலாங்கூரும் பகாங்கும் சந்திக்கும் அந்த எல்லையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதும் ஒரு காட்சிதான்.

கேப்பைத் தாண்டிக் கோலகுபு பாரு நோக்கி இறங்கும் வழியில் ஒரு கூர்மையான வளைவு. 1951 அக்டோபர் 6, சனிக்கிழமை. மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, மனைவியோடு பிரேசர் மலைக்கு ஓய்வெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். காவலுக்கு வந்த வண்டிகளில் ஒன்று வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. மேட்டில் பதுங்கியிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட ஆரம்பித்தார்கள். கர்னி கார்க் கதவைத் திறந்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, மேட்டை நோக்கி நடந்தார். குண்டுகள் அவர் பக்கம் திரும்பின. காருக்குள் படுத்துக்கிடந்த மனைவியும் செயலாளரும் தப்பினார்கள். உள்ளே இருந்தது யார் என்றே தங்கள் ஆட்களுக்குத் தெரியாது என்று கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் பிற்காலத்தில் சொன்னார். பெரிய நினைவுச் சின்னம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வேனை ஓரம் கட்ட இடம் இருந்தால் இரண்டு நிமிடம் நிற்போம், இல்லாவிட்டால் ஓட்டுநர் வேகம் குறைத்துக் காட்டுவார்.

இதை நாங்கள் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் அரசும் கம்யூனிஸ்டுகளும் மோதிக்கொண்ட அந்த அவசரகாலம் நம் ஊருக்கு வெளியே நடந்த கதை அல்ல. 1948 டிசம்பரில் இதே பத்தாங்காலி பக்கம் 24 சீனத் தோட்டத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், ஊரடங்கு, அரிசிக்கு அளவு. இந்த வட்டாரத்துத் தாத்தா பாட்டிகள் பார்த்ததெல்லாம் அதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பயணத்தில் இருந்தால் மைக் அவரிடம் கொடுக்கப்படும், எங்கள் ஓட்டுநர் பேசுவதைவிட அது நன்றாக இருக்கும். அப்புறம் இந்தச் சாலை. மலாயாவின் சாலை வேலைகளில் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உயர் ஆணையர் விழுந்த வளைவு எது என்று புத்தகத்தில் இருக்கிறது. எந்த வளைவை எந்தக் கூலி வெட்டினான் என்று எங்கும் இல்லை.

இன்னும் கீழே வந்தால் சிலாங்கூர் ஆற்று அணை. 110 மீட்டர் உயரம். 2000-களின் தொடக்கத்தில் கட்டியது. நம் வீட்டுக் குழாயிலும் கோலாலம்பூர்க் குழாய்களிலும் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றின் தண்ணீர்தான். அணைக்காக கெராச்சி, பெர்த்தாக் ஆகிய இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்களை இடம் மாற்றினார்கள். தண்ணீரைப் பார்த்துப் படம் எடுக்கும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கோலகுபு பாருவில் ஒரு மணி நேரம். பழைய கோலகுபு இங்கே இல்லை, அம்பாங் பெச்சா பக்கம் இருந்தது. 1883-இல் அங்கிருந்த அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போயிற்று; மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால் வந்த வினை என்று மலாய்க்காரர்கள் இன்றும் கதை சொல்வார்கள். அதன் பிறகும் ஈயச் சுரங்கத்து மண் ஆற்றில் சேர்ந்து சேர்ந்து வெள்ளம் நின்றபாடில்லை. கடைசியில் மேட்டில் புது ஊர் கட்டினார்கள். நகரமைப்பு நிபுணர் சார்லஸ் ரீட் வரைந்த திட்டம் அது, கடைவீதிக்கும் குடியிருப்புக்கும் நடுவில் பசுமையை விட்டு வைத்தார். 1930 வாக்கில் வந்த கடைவீடுகள் இன்னும் நிற்கின்றன. தேத்தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

சிலர் சிலிங் நீர்வீழ்ச்சியைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அழகான இடம், கெலா மீன் பாதுகாப்புப் பகுதி, மறுக்கவில்லை. ஆனால் போகும் வழியில் ஆற்றைப் பலமுறை குறுக்கே கடக்க வேண்டும். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே கெபாலா ஆயர், அதாவது திடீர் ஆற்று வெள்ளம், வந்துவிடும். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வேனை அங்கே கொண்டுபோக மாட்டோம். எவ்வளவு கேட்டாலும் சரி.

மழையைப் பற்றியும் இதே கண்டிப்புதான். 2022 டிசம்பர் 16 விடியற்காலை நம் ஊர்ச் சாலையோர முகாமில் மலை சரிந்து 31 பேர் இறந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. பயணத்துக்கு முந்தைய இரண்டு நாள் விடாமல் பெய்தாலோ, சாலையில் மண் சரிந்ததாகச் செய்தி வந்தாலோ, பயணத்தை நிறுத்திவிடுவோம். கட்டிய பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு தேதிக்கு மாற்றித் தருவோம். "வானம் வெளுத்துடுச்சே, போகலாமே" என்று காலையில் போன் செய்ய வேண்டாம். நனைந்த மண் சரிய வானம் கறுத்திருக்க வேண்டியதில்லை.

எடுத்து வர வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு கம்பளிச் சட்டை, காலை நேரத்தில் குளிரும். மூடிய சப்பாத்து. காட்டுப் பாதையில் அட்டை உண்டு, காலுறைக்கு மேல் உப்பு தடவினால் போதும். கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், உப்பு போடுங்கள், தானே விழும். வளைவில் தலைசுற்றுகிறவர்கள் முன்வரிசை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாயில் அசாம் போய் (புளிப்பான உலர்பழம்) ஒன்று போட்டுக்கொண்டால் நல்லது. பிளாஸ்டிக் பை எங்களிடம் இருக்கிறது. ஒலிபெருக்கிப் பாட்டு மேலே வேண்டாம், பறவை போய்விடும். இறங்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

கட்டணம் முன்பு போலவே. பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாதி. பெயர் கொடுக்கக் கடைக்கு நேரில் வாருங்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை மூடியிருக்கும்.

அன்புடன்,
வேன் சேவைக் கடையினர்
பத்தாங்காலி