வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத் தகராறு, கடன் தகராறு என்று கோர்ட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் அப்படிப் போகிறவர் ஒரு சிவில் வக்கீலை எப்படிப் பார்த்து அமர்த்துவது, அமர்த்திய பிறகு தான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இன்னொரு வீட்டில் நடக்காமல் இருந்தால் அதுவே போதும்.

எங்கள் வீட்டை ஒட்டிய காலி இடம் தனக்குச் சேர வேண்டியது என்று பெரியப்பா மகன் வழக்குப் போட்டார். சம்மன் வந்ததும் அப்பா பதறிப்போய், தெரிந்தவர் சொன்ன ஒரு வக்கீலிடம் ஓடினார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார், முன்பணம் கொடுத்தார், கிரயப் பத்திரத்தின் அசலையே கையில் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது எதற்கும் கிடையாது. அப்புறம் மாதம் ஒரு முறை போன் செய்வார், குமாஸ்தா எடுத்து "வாய்தா போட்டிருக்கு சார், நீங்க வர வேண்டியதில்ல" என்பார், அப்பாவும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார். கோர்ட்டுப் படி ஏறாமலே வழக்கு நடக்கிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

ஒருநாள் காலையில் இடத்தை ஒப்படைக்கச் சொல்லி கோர்ட்டு ஊழியரான அமீனா வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் தரப்பில் எதிர்வழக்குரை, அதாவது வழக்குக்கு நாங்கள் எழுத்தில் தர வேண்டிய பதில், தாக்கல் செய்யவே இல்லை. எங்களை எக்ஸ்பார்ட்டி (வராத தரப்பு) ஆக்கி, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் எதிர்வழக்குரை போட வேண்டும், காரணம் சொல்லி அனுமதி வாங்கினால் 90 நாள் வரை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. இது எங்களுக்கு அப்போது தெரியாது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்பதற்கும் 30 நாள்தான். சம்மனே வரவில்லை என்றால் தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு, ஆனால் அப்பா சம்மன் வாங்கி வக்காலத்தும் போட்டிருந்ததால் தீர்ப்பு நாளிலிருந்தே ஓடிவிட்டது. கடைசியில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு, எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டி, வழக்கைத் திரும்பக் கோப்புக்குக் கொண்டுவருவதற்குள் அப்பா பாதி உடம்பாகிவிட்டார்.

அந்த வக்கீலை மட்டும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சம்மனில் வழக்கு எண் இருந்தது. இ-கோர்ட்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, காசு கிடையாது, வழக்கு எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், 16 எழுத்தும் எண்ணுமாக வரும் சி.என்.ஆர். எண்ணையோ போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வந்துவிடும். எங்கள் வீட்டில் நான்கு பேரிடம் ஸ்மார்ட்போன் இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை. வக்காலத்து என்பது நமக்காகப் பேச ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்தான், வழக்கு அதற்குப் பிறகும் நம்முடையதுதான் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாவதாக நாங்கள் போன வக்கீல் ஒரு பெண். முதல் நாள் அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. தாய்ப்பத்திரம் (இடத்தின் முந்தைய பத்திரம்) எங்கே, முப்பது வருட வில்லங்கம் (இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தீர்களா, பத்திரத்தில் உள்ள நான்கெல்லையும் இப்போது தரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பட்டா எங்க பேர்லதான் இருக்கு" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டா மட்டும் உரிமையை நிரூபிக்காது, உங்கள் அளவில் மூன்றடி இடிக்கிறது, எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிப்பார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். வெளியே வந்ததும் அப்பாவுக்குக் கோபம், இவர் யாருக்கு வக்கீல் என்று. எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது. நம் பக்கத்துப் பலவீனத்தை முதல் நாளே சொல்பவர் ஆவணங்களைப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். படிக்காமலே "நூறு சதவீதம் ஜெயிச்சுடலாம்" என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

பழைய வக்கீல் பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்றார். ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. புது வக்கீல் இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் பத்திரம் கைக்கு வந்தது. அதேபோல, "ஃபீஸ் வேண்டாம், ஜெயித்தால் இடத்தில் ஒரு பங்கு கொடுங்கள்" என்று கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. வக்கீல் தவறு செய்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அந்த வழி இல்லை என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. தொழில் ஒழுங்கு மீறிய புகார் என்றால் மாநில பார் கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும்.

ஃபீஸை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, கோர்ட் கட்டணமும் நகல் செலவும் அதில் சேருமா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அசல் பத்திரத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய நாளில் கொண்டுபோனால் போதும், அதுவரை ஜெராக்ஸ் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து, யார் கேட்டாலும் கூடாது.

கடன் விஷயத்தில் எங்கள் அத்தான் பட்டதையும் சொல்லியாக வேண்டும். நண்பரிடம் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் உறுதிச்சீட்டு) எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார். நண்பரும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தார். அத்தான் போலீசுக்கு எழுதிக் கொடுத்து அலைந்தார், அவர்கள் இது சிவில் விவகாரம் என்று அனுப்பினார்கள், வக்கீலிடம் போய்ச் சேர்ந்தபோது, வழக்குப் போட நோட்டின் தேதியிலிருந்து உள்ள மூன்று வருடக் கெடு தாண்டி ஒன்பது நாள். ஆமாம், ஒன்பதே நாள். இடையில் அந்த நண்பர் இரண்டு தடவை கொஞ்சம் பணம் கொடுத்திருந்தார், அதை நோட்டின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைத்திருக்கும். அத்தான் தன் டைரியில் எழுதி வைத்திருந்தார். அது எதற்கும் உதவவில்லை. கடன் கொடுத்தவர்கள் சண்டை முற்றும் வரை காத்திருக்காமல், இரண்டாவது வருடத்திலேயே ஒரு சிவில் வக்கீலிடம் நோட்டைக் காட்டிவிட வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று பலர் வழக்கையே கைவிடுகிறார்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அரசே வக்கீல் வைத்துத் தருகிறது, சொத்து வழக்குக்கும் உண்டு. பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) எதிர்த்தரப்போடு பேசி முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பி வரும். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை என்பதால், சம்மதம் சொல்லும் முன் வக்கீலிடம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த 15100 என்ற எண்ணையும், வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸில் பார்க்கும் முறையையும் உங்கள் நாளிதழில் ஒரு ஓரத்தில் சிறு கட்டமாகத் தொடர்ந்து போட முடியுமா? எங்கள் அப்பா தினமும் காலையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். அப்படி ஒரு கட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் நிச்சயம் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி