மார்ச்சில் போ, குழுவோடு போ

கொழும்பு 6

அன்பு மகள்,

வடதுருவ ஒளி பார்க்க வடநோர்வேயில் இருக்கிற ட்ரொம்சோவுக்குப் போகப்போகிறாய் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் போனில் வடிவாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் உன்னை வார்ட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதுதான் எழுதுகிறேன். நீ என்னிடம் கேட்டது இரண்டு விஷயம். டிசம்பரா மார்ச்சா? தனியே கார் எடுத்து ஓடுவதா, வழிகாட்டியோடு போகிற சின்னக் குழுவில் சேர்வதா? முதலாவதுக்கு என் பதில் மார்ச். இரண்டாவதுக்குக் குழு. இரண்டாவதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மார்ச் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். டிசம்பரில் அங்கே சூரியன் எழும்புவதே இல்லை. நவம்பர் பிற்பகுதியில் மறைந்தால் ஜனவரி 21 அளவில்தான் மலைகளுக்கு மேலால் திரும்ப முகம் காட்டும். நாங்கள் தைப்பொங்கல் பொங்கி ஒரு கிழமையில் அந்த ஊர்ச் சனம் சூரியனை வரவேற்று ஜாம் வைத்த பணிஸ் சாப்பிடுகிறது. வருஷம் முழுக்க வெயிலில் கிடக்கிற நாங்கள் சூரியனுக்குப் பொங்குகிறோம், இரண்டு மாதம் அதைக் காணாதவர்கள் பணிஸ் சுட்டுக் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்க எனக்கு மனம் நிறைகிறது. நீ ஏற்கெனவே நைட் டியூட்டி செய்து பகலைக் காணாமல் இருக்கிறாய். விடுமுறையிலும் இருட்டுக்குள் இருக்க வேண்டாம். மார்ச்சில் பகல் இருக்கும், பனியும் இருக்கும், இரவு ஏழு ஏழரைக்குப் பிறகு வானமும் இருட்டிவிடும். ஏப்ரல் நடுப்பகுதி தாண்டினால் இரவு வெளிறத் தொடங்கிவிடும், பிறகு செப்டம்பர் வரை பார்க்க வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாக வருகிற நாட்களை ஒட்டி, அந்த ஒளியைப் பலமாக்கும் காந்தப் புயல்கள் கூடுதலாக வருவது நீண்டகாலப் பதிவுகளில் தெளிவாகத் தெரிகிறது. 1973இல் ரசல், மக்பெரோன் என்ற இருவர் இதற்கு விளக்கம் சொன்னார்கள். சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துணிக்கைகளின் ஓட்டம், தன்னோடு இழுத்துவரும் காந்தப்புலமும் பூமியின் காந்த அச்சும் அந்த நாட்களில் சாய்ந்திருக்கும் விதம், சக்தி உள்ளே நுழைவதற்கு வசதியாக இருக்கிறது என்பது அவர்களுடைய கருத்து. சூரியனின் 11 வருடச் சுற்று உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதென்று 2024 ஒக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சம் கழிந்துவிட்டால் ஒளியும் போய்விடும் என்று உன் சிநேகிதி சொன்னாளாம், அது சரியில்லை. இறங்குகிற வருஷங்களில் சூரியனின் மேற்பரப்பில் வேகக் காற்று வெளியேறும் பகுதிகள் நீண்ட காலம் நிலைத்திருக்கும். சூரியன் சுழலுவதால் அவை சுமார் 27 நாளுக்கு ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பும். ட்ரொம்சோ போன்ற இடத்துக்குப் பெரிய புயல் ஒன்றும் தேவையில்லை, அதுவே போதும்.

திகதி தெரியும்போது வீட்டுக் கலண்டரில் போயாவைப் பார். முழுநிலவுக் கிழமையில் மங்கலான ஒளி எடுபடாது. நல்ல ஒளி நிலவுக்கும் தெரியும், ஆனாலும் போயாவுக்குக் கிட்டப் போகாமல் இருப்பது நல்லது.

இனிக் குழு.

மகள், நீ தனியே சமாளிப்பாய் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. பத்தொன்பது வயதில் லண்டனில் இறங்கிய நாள் தொடக்கம் நீ எல்லாவற்றையும் தனியேதான் செய்கிறாய். வாடகை அறை, சோதனை, வேலை, கொரோனாக் காலத்து வார்ட் எல்லாம். அதனால்தான் சொல்கிறேன், இந்த ஒரு பயணத்தில் ஸ்டியரிங்கை இன்னொருவர் பிடிக்கட்டும். பாதையை அவர் பார்க்கட்டும். நீ குளிரில் நடுங்கினால் சூப்பை ஊற்றி உன் கையில் இன்னொருவர் தரட்டும்.

இதை நான் சித்தப்பாவை நினைத்தும் எழுதுகிறேன். எண்பதுகளில் எங்கள் பெடியன்கள் எத்தனையோ பேர் நோர்வேயின் வடமுனையில், ஃபின்மார்க் கரையில், மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். சித்தப்பாவும் அதில் ஒருவர். அவர் எழுதிய கடிதங்களை அம்மா இன்னும் வைத்திருக்கிறா. ஒன்றில், வேலை முடிந்து வெளியே வந்தபோது வானம் முழுக்கப் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது, பார்க்கப் பயமாக இருந்தது, அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்று ‘பயப்படாதே, இதுதான் அது’ என்று சொல்ல ஆள் இல்லை. உலகம் முழுக்கக் காசு கட்டிப் பார்க்கப் போகிற காட்சி அந்தப் பிள்ளைக்குப் பயமாக இருந்திருக்கிறது. அந்த வரியை இப்போது வாசித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பிறகு அவர் ஒஸ்லோவுக்கு மாறி, சமாதான காலத்தில் இங்கே வந்தபோது 200 குரோனர் தாள் ஒன்று தந்தார். அதிலிருந்த முகம் கிறிஸ்தியன் பேர்க்லண்ட். வடதுருவ ஒளிக்குக் காரணம் சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துணிக்கைகளே என்று வாதாடியவர். 1899இல் அல்தா நகரத்துக்குப் பக்கத்து மலை உச்சியில் குளிருக்குள் அவதானநிலையம் கட்டி வேலை செய்தார். வெற்றிடப் பெட்டிக்குள் காந்தம் வைத்த சின்னக் கோளத்தைத் தொங்கவிட்டு, இலத்திரன்களைப் பாய்ச்சி, அதன் துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் வருவதைக் காட்டினார். 1917இல் அவர் இறந்தபோது பெரிய விஞ்ஞானிகள் பலர் அதை ஏற்கவில்லை. செய்மதிகள் மேலே போய் அளந்த பிறகுதான், அவர் சொன்ன மின்னோட்டங்கள் உண்மையென்று தெரிந்தது. அந்தத் தாளை நான் உயர்தர வகுப்புக்கு எத்தனையோ தரம் கொண்டுபோயிருக்கிறேன். பிள்ளைகள் காசைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கதையைக் கேட்டார்கள்.

உனக்கும் அந்தக் கதையின் மிச்சத்தைச் சொல்லவேண்டும், அங்கே நிற்கும்போது என்ன பார்க்கிறாய் என்று தெரிந்து பார்க்கவேண்டும். கொழும்பில் எங்கள் தலைக்கு மேலே காந்தப்புலக் கோடுகள் கிட்டத்தட்டக் கிடையாகப் போகின்றன, ஏனென்றால் காந்த நடுக்கோடு எங்களுக்கு மிகக் கிட்டே. ட்ரொம்சோவில் அதே கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக நிலத்துக்குள் இறங்குகின்றன. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக நீண்ட வாலாக இழுத்து அதில் சக்தியைச் சேர்த்துவைக்கும். அது விடுபடும்போது இலத்திரன்கள் அந்தக் கோடுகள் வழியே கீழே பாயும். 100 தொடக்கம் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஒட்சிசன் அணுவில் மோதினால் பச்சை. 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஒட்சிசன் சிவப்பு. சிவப்பைக் கொடுக்க அணுவுக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் வேண்டும், அதுவரை இன்னொரு துணிக்கை வந்து முட்டாமல் இருக்கவேண்டும், அதனால்தான் காற்று மிக ஐதான உயரத்தில் மட்டும் அது வருகிறது. கீழ் விளிம்பில் ஊதாவோ இளஞ்சிவப்போ ஓடினால் அது நைதரசன், ஒளி வேகமாக ஆடும்போதுதான் தெரியும், தவறவிடாதே.

இங்கே எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதே. பகலில் எங்கள் தலைக்கு மேலேயும் 100 கிலோமீட்டர் உயரத்தில் காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, காந்தமானிக்குத் தெரியும். 1859இல் வந்த மாபெரும் சூரியப் புயலைப் பம்பாய் கொலாபா அவதானநிலையத்துக் கருவிகள் பதிந்துவைத்தன. 1872 பெப்ரவரியில் பம்பாயிலேயே வானம் சிவந்ததாகப் பதிவு இருக்கிறது. 2024 மே மாதம் லடாக்கின் ஹன்லேயில் சிவப்பு ஒளியைப் படம் பிடித்தார்கள்.

சரி, தனியே கார் ஓட்டுவதில் எனக்கு என்ன பயம்? நீ ஓட்டிப் பழகியது வீதியின் இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். அதற்கு மேல் இருட்டு, ஐஸ், திடீரென்று வீதிக்கு வரும் மான்கள். அதைவிட, உன் கண் வீதியில் இருக்கவேண்டிய நேரத்தில் மனம் வானத்தில் இருக்கும். இரவில் வீதியோரம் காரை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்பது அங்கே உண்மையான ஆபத்து.

ஒளி வருமா என்பதைவிட முகில் விலகுமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. ட்ரொம்சோ கடற்கரை ஊர். சூடான நீரோட்டத்தால் அந்த அகலக்கோட்டுக்குக் குளிர் குறைவு, ஆனால் முகில் கூட. உள்நாட்டுப் பக்கம் போகப் போக வானம் காயும், குளிர் இறுகும். நல்ல வழிகாட்டி பின்னேரம் முழுக்கச் செய்மதிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகில் கடலில் இருந்து வந்தால் ஈ8 வீதியால் ஷீபோத்தன் பக்கம், அதற்கும் அப்பால் பின்லாந்து எல்லையில் கில்பிஸ்யார்வி வரை ஓடுவார். அது சுமார் 160 கிலோமீட்டர். ஐம்பது பேர் ஏறிய பெரிய பஸ் சின்ன வீதிகளில் திரும்பாது, எல்லாரும் இறங்கி ஏறவே நேரம் போய்விடும். எட்டோ பத்தோ பேர் போகிற மினி பஸ் பாதி வழியில் முடிவை மாற்றும். எல்லை தாண்டலாம், பாஸ்போட்டைக் கையோடு கொண்டுபோ.

காத்திருப்பதும் இருக்கிறது. மாலை ஆறு ஏழுக்கு வெளிக்கிட்டால் நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவார்கள், சில இரவில் விடிய இரண்டு மணியாகும். சின்ன வயதில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலில் சிவராத்திரிக்கு முழித்தாயே, பக்கத்தில் நாலு பேர் கதைத்துக்கொண்டு இருந்ததால்தானே நித்திரை வரவில்லை. அப்படித்தான் இதுவும். நெருப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தால் இரண்டு மணித்தியாலம் போவது தெரியாது. முன்பின் தெரியாத ஆட்கள் என்று நீ கூச்சப்பட்டாய். ஒளி வந்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்துவார்கள், நீயும் கத்து.

வழிகாட்டி அந்த வடக்கின் பழங்குடிகளான சாமி இனத்தவராக இருந்தால் அவர்கள் கதைகளைக் கேள். அந்த ஒளிக்குக் கீழே விசில் அடிக்கக்கூடாது என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. உன் அப்பம்மாவும் இரவில் விசிலடித்தால் பாம்பு வரும் என்று எங்களை அதட்டுவா. இரண்டு பேருக்கும் மரியாதை கொடுத்து அடிக்காமல் இரு.

உடுப்பு. உடம்போடு ஒட்டிப் போடுவது மெரினோ கம்பளி. அம்மா வெள்ளவத்தையில் வாங்கித் தந்த பருத்திப் பனியன்களை உள்ளே போடாதே, வியர்வையைப் பிடித்துவைத்து நிற்கும்போது உறையவைக்கும். பல குழுக்கள் மொத்த உடுப்பும் சப்பாத்தும் இரவலாகத் தருவார்கள், சப்பாத்தை ஒரு அளவு பெரிதாகக் கேள். கால் இறுகினால் இரத்தம் ஓடாது. போனையும் பற்றரியையும் உள்பொக்கற்றில் வை, குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். உள்ளே வரமுதல் கமராவைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டு, இல்லாவிட்டால் லென்சில் நீர் படியும். கமராவை முக்காலியில் வைத்து ஐந்து தொடக்கம் பத்து செக்கன் திறந்துவிட்டால் பச்சை தானாக விழும்.

கண்ணுக்கு அது முதலில் சாம்பல் நிற முகிலாகத் தெரிந்தால் மனம் சோராதே. மங்கலான ஒளியில் எங்கள் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. அரை மணித்தியாலம் போனைப் பார்க்காமல் இருட்டில் நில், கண் பழகும். ஒளி பலத்தால் நிறம் தானே வரும்.

காசு கட்டமுதல் அவர்களுக்கு எழுதிக் கேள். ஒரு பஸ்ஸில் எத்தனை பேர், எவ்வளவு தூரம் போகத் தயார், பின்லாந்துக்குள் போவார்களா, ஓட்டுபவரும் வழிகாட்டியும் ஒருவரா இருவரா, ஆட்களை ஏற்றும் அனுமதி இருக்கிறதா, ஒளி தெரியாவிட்டால் மறுநாள் குறைந்த விலைக்குக் கூட்டிப்போவார்களா. கட்டாயம் காட்டுவோம் என்று சொல்பவர்களை விட்டுவிடு, வானத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. நாலு இரவாவது நில், முதல் இரவுக்கே குழுவைப் பதிவு செய், முகில் மூடினால் மிச்ச இரவுகள் கையில் இருக்கும்.

சித்தப்பாவுக்கும் ஒருக்கால் போன் எடுத்துச் சொல். அவர் வடக்கை விட்டு வந்தபிறகு திரும்பப் போனதே இல்லை. உன்னோடு அந்த மினி பஸ்ஸில் இன்னொரு சீற் இருந்தால், வாருங்கள் என்று நீயே கேள். நான் கேட்டால் மறுப்பார், நீ கேட்டால் வருவார். செலவில் பாதியை நான் தருகிறேன், உன் கணக்கு இலக்கத்தை அனுப்பு.

அன்புடன்,
அப்பா