திரை கருப்பானது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோவை மண்டபக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் வாய்ஸ் மெசேஜை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாங்கள் கேபிள் போட்ட ஒரு மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் டிவி திரை கருப்பாகிவிட்டது, டிவிக்குப் படம் கொண்டுபோகும் ஹெச்டிஎம்ஐ கேபிளை டூப்ளிகேட்டாகப் போட்டுவிட்டு ஒரிஜினல் விலை வாங்கிவிட்டோம் என்கிறார்கள். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம், டூப்ளிகேட் என்றதுதான் மனதை உறுத்துகிறது.

நடந்தது இதுதான். நாங்கள் அந்த 5 மீட்டர் கேபிளை இழுத்து முடித்த பிறகு, மேடை லைட் போட வந்தவர்கள் டிம்மர் லைனையும் அதே பைப்பில் நுழைத்துவிட்டார்கள். டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பதே கரண்டை நொடிக்கு 100 முறை வெட்டி வெட்டி விட்டுத்தான், ஒவ்வொரு வெட்டிலும் கிளம்பும் மின் இரைச்சல் (காதில் கேட்கும் சத்தம் இல்லை) பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் கேபிளில் ஏறும். மிகத் துல்லியமான 4கே படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படமாகப் போகும்போது நொடிக்கு கிட்டத்தட்ட 18 ஜிகாபிட் டேட்டா ஓடுகிறது, அதில் இரைச்சல் கலந்தால் என்ன ஆகும்? பழைய விஜிஏ கேபிள் என்றால் படத்தில் அலை ஓடும், நிழல் விழும், முன்கூட்டியே தெரிந்துவிடும். ஹெச்டிஎம்ஐயில் கடைசிவரை படம் பளிச்சென்றே இருக்கும், அப்புறம் சில புள்ளிகள் மின்னும், உடனே கருப்பு. பார்ப்பவர்களுக்கு கேபிள் செத்துவிட்டது போலத்தான் தெரியும். நாங்கள் தனி பைப் போட்டு, பவர் லைனைத் தாண்டியே ஆகவேண்டிய ஒரு இடத்தில் நேர்க்குறுக்காகத் தாண்டவிட்டோம். அதே கேபிள், அதே டிவி, அதன் பிறகு ஒரு கல்யாணத்திலும் திரை கருப்பாகவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஹெச்டிஎம்ஐ சான்று லேபிளை ஹெச்டிஎம்ஐ அமைப்பின் ஆப்பில் ஸ்கேன் செய்து பாருங்கள். அந்தச் சான்றுக்கு, கேபிளிலிருந்து இரைச்சல் கசிகிறதா என்பதையும் சோதிக்கிறார்கள்; வெளியே கசியவிடாத கேபிளில் வெளி இரைச்சலும் சுலபமாக ஏறாது. விலை குறைந்த கேபிள்கள் பலவற்றில் இரைச்சலைத் தடுக்க பேருக்கு ஒரு ஃபாயில்தான் இருக்கும், மேலே பின்னல் கம்பி இருக்காது, உள்ளே இருப்பதும் செம்பு பூசிய இரும்பு. ஐடி ஆபீஸ்களில் உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியிலிருந்து ஆள் எழுந்ததும் மானிட்டர் ஒரு நொடி அணைந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள், நாற்காலியில் கிளம்பும் அந்தச் சின்ன மின்பொறியையே தாங்காத கேபிள் டிம்மரை எப்படித் தாங்கும்? 15 மீட்டர், 20 மீட்டர் தூரத்துக்கு 4கே வேண்டுமென்றால் சிக்னலை ஒளியாகக் கொண்டுபோகும் ஆப்டிகல் கேபிள்தான் போடச் சொல்வோம், விலை கூடத்தான் செய்யும்.

அந்த மெசேஜைக் கேட்டதும் வேறு கடைக்குப் போகாமல் எங்களுக்கே போன் செய்து விசாரித்த பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள்தான் இந்தக் கடையை நடத்துகிறீர்கள். எங்கள் சீனியர் டெக்னீஷியன் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் இனி நேரில் வந்து பார்க்க ஓரிரு நாள் ஆகலாம், 500 ரூபாய் விசிட் சார்ஜும் உண்டு. கேபிளைக் கடைக்கே கொண்டுவந்தால் எப்போதும் போல இலவசமாகப் பார்த்துத் தருவோம்.

சரி, ஒரு வேண்டுகோள். மண்டபத்தில் புதிதாக லைட், ஏசி, லிஃப்ட் எது போட்டாலும் வயர் இழுப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காந்திபுரம் கடையிலிருந்து