லாக் கோப்பில் பூட்டிய பதிப்பைக் கேட்காமல் மாற்றிய கருவி: புகார்

அனுப்புநர்
கணினி விளையாட்டுத் தயாரிப்புக் குழு,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி – 627 002.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
பேக்கேஜ் மேலாண்மைக் கருவிப் பிரிவு.

பொருள்: லாக் கோப்பை மீறி வேறு பதிப்பை நிறுவியது, தவறான ஆலோசனை, சந்தாவைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

ஆண்டுச் சந்தா கட்டி உங்கள் கருவியைப் பயன்படுத்தும் சிறு குழு நாங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை வைத்து யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு கைப்பேசி விளையாட்டு செய்துவருகிறோம். வடம் இழுப்பதும், பின்னாலிருந்து தடி போட்டு உந்துவதும், சறுக்குக்கட்டை கொடுத்துத் தேரை ரத வீதி முனைகளில் திருப்புவதும்தான் ஆட்டம். இதற்காக நாங்கள் வாங்கிய வடம் இயக்கும் பேக்கேஜ் (ஆயத்த நிரல் தொகுப்பு), வேறொருவர் எழுதிய கணிதப் பேக்கேஜ் ஒன்றைச் சார்ந்தது. அந்தக் கணிதப் பேக்கேஜின் 1.3.2 பதிப்பு, எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பை நிறுவ வேண்டும் என்று குறித்து வைக்கும் எங்கள் லாக் கோப்பில் பூட்டப்பட்டிருந்தது.

அதை எழுதியவர் 1.3.2ஐ உங்கள் சர்வரிலிருந்து விலக்கிக்கொண்டார். அது அவர் விருப்பம்; அவர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. பூட்டிய பதிப்பு கிடைக்காதபோது உங்கள் கருவி என்ன செய்திருக்க வேண்டும்? நின்று, “இது இல்லை, என்ன செய்யட்டும்?” என்று கேட்டிருக்க வேண்டும். அதுவோ 2.0.0ஐ எடுத்து வைத்துக்கொண்டு, லாக் கோப்பையும் அதற்கேற்பத் திருத்தி எழுதிவிட்டது. பதிவேட்டில் இருந்தது ஒரே வரி: “சார்புகள் சரிபார்க்கப்பட்டன, முரண் இல்லை.”

முரண் இருந்தது. 1.3.2 கோணத்தைப் பாகையில் வாங்கும், 2.0.0 ரேடியனில் வாங்கும் (ஒரு ரேடியன் ஏறக்குறைய 57 பாகை). இரண்டும் வெறும் தசம எண்தான் என்பதால் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்கவில்லை. வாகையடி முனையில் 90 பாகை திரும்ப வேண்டிய தேர், 90 ரேடியன் திரும்பியது. அதாவது பதினான்கு சுற்றுக்கும் மேல். மேலே அமர்ந்திருந்த சுவாமி பம்பரமாகச் சுழல, வடம் பிடித்தவர்கள் நான்கு பக்கமும் தெறித்தார்கள். சோதிக்க வந்த பெரியவர் ஒருவர் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் செமாண்டிக் வெர்ஷனிங் என்ற பதிப்பு எண் இடும் விதி பற்றி விளக்க எங்களுக்குத் தைரியமில்லை.

உங்கள் சேவைப் பிரிவின் முதல் பதில், கேஷை (கணினியில் சேமித்து வைத்த பேக்கேஜ் பிரதிகளை) முழுவதும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னது. அப்படியே செய்தோம். எங்கள் முதன்மைக் கணினியில் 1.3.2 கடைசியாக மிஞ்சியிருந்த இடமே அந்தக் கேஷ்தான் என்பது பிறகுதான் புரிந்தது. பதிப்பு விலக்கப்பட்டது உங்கள் சர்வரில். அதை ஒரு முறை பார்த்துவிட்டு ஆலோசனை சொல்லியிருக்கலாம். ஓவியம் வரையும் தங்கை அம்பாசமுத்திரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்ததால் அவர் மடிக்கணினி அணைந்தே கிடந்தது. அதில் பழைய பதிப்பு பிழைத்திருந்தது. அதை எடுத்துத் திட்டத்தின் பேக்கேஜஸ் கோப்புறைக்குள்ளேயே பதித்துக்கொண்டோம். ஆனால் அதற்குள் தேரோட்டம் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள் வெளியிடுவதாகச் சொல்லியிருந்த வாக்கு போயிற்று.

இரண்டாவது பதில் இன்னும் மோசம். நாங்கள் அனுமதித்த எல்லைக்குள்தான் கருவி பதிப்பைத் தேர்ந்தெடுத்தது என்றீர்கள். வடம் பேக்கேஜ் கேட்டிருந்தது 1.3.0 அல்லது அதற்கு மேல், 2.0.0க்குக் கீழ். 2.0.0 எந்தக் கணக்கில் அதற்குள் வருகிறது? முதல் எண் மாறினாலே பழையதோடு ஒத்துப்போகாது என்பது இந்தத் துறையில் அரிச்சுவடி.

இது புதிய சிக்கலும் அல்ல. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்‑பேட் என்ற பதினொரு வரி நிரல் விலக்கப்பட்டபோது உலகெங்கும் ஏராளமான திட்டங்களின் பில்ட் (நிரலை இயங்கும் வடிவமாக்கும் வேலை) நின்றது. அதன் பிறகு என்பிஎம்மை நடத்துபவர்கள் விலக்கும் விதிகளை இறுக்கினார்கள். லாக் கோப்போடு பொருந்தாவிட்டால் எதையும் மாற்றாமல் பிழை காட்டி நிற்கும் கட்டளையையும் 2018இல் தந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் கருவியில் இருப்பதைத்தான் காசு கொடுத்த இடத்தில் கேட்கிறோம்.

எனவே, பூட்டிய பதிப்பு கிடைக்காவிட்டால் கருவி பிழை காட்டி நிற்க வேண்டும். எங்கள் ஒப்புதல் இல்லாமல் லாக் கோப்பில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. விலக்கப்பட்ட பதிப்பைப் புதியவர்களுக்கு மறைத்தாலும், ஏற்கெனவே பூட்டியவர்களுக்குத் தொடர்ந்து தர வேண்டும். இந்த ஆண்டுச் சந்தாவை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். உங்கள் பொறியாளர் ஒருவர் நேரில் பேசினால் பழைய, புதிய லாக் கோப்புகள் இரண்டையும் அவருக்குக் காட்டத் தயாராக இருக்கிறோம். தானியங்கிப் பதில் இனி வேண்டாம்.

பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வோம். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் இதைச் சுயதொழிலாக, பிழைப்புக்காகவே செய்கிறோம் என்பதற்கான ஆவணங்களும் கைவசம் இருக்கின்றன.

இணைப்பு: லாக் கோப்பின் இரு வடிவங்கள், பதிவேடு, உங்கள் இரண்டு பதில்கள், சந்தா ரசீது.

இப்படிக்கு,
குழுவின் சார்பாக,
நிரலாளர்.