மரத்துக்குத் தமிழ்ப் பேரும் போடுவோமே

ஆசிரியருக்கு வணக்கம்,

நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், ரிட்டயர்ட் ஆயிட்டேன், பேரனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது என் வேலை. போன மாசம் நல்ல மழை பேஞ்ச மறுவாரம் நடைபாதை முழுக்க மஞ்சப் பூவா கொட்டிக் கெடந்துச்சு. "தாத்தா இது என்ன மரம்?"னு கேட்டான், நான் யோசிக்காம கொன்றைனு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. மறுநாள் காலையில தனியா போய் கீழ விழுந்து கெடந்த பழைய காயை எடுத்துப் பாத்தேன், சின்ன அப்பளம் மாதிரி வட்டமா, நடுவுல விதை புடைச்சுக்கிட்டு, சுத்திலும் காகிதம் மாதிரி மெல்லிசா ஒரு விளிம்பு. கொன்றைக்கு இப்படிக் காய் கெடையாது. அது அங்சானா, நம்ம ஊர் வேங்கைக்கு நெருங்கின சொந்தம். ரெண்டு புளோக் தள்ளி இன்னொரு மஞ்சப்பூ மரம் நிக்குது, அதுல இலை புளிய இலை மாதிரி பொடிப்பொடியா இருக்கும், காய் தட்டையா செம்பு நிறத்துல இருக்கும், அதுதான் பெருங்கொன்றை. பேரனை ரெண்டுக்கும் அடியில நிக்க வச்சு காட்டினேன், இப்ப அவன் காயைப் பாத்தே சொல்லிடறான்.

அதுல இருந்து எனக்கு இதே நெனப்பா இருக்குங்க. ஈஸ்ட் கோஸ்ட்ல கடல் பக்கம் நிழல் தர்ற மரங்கள்ல புன்னை இருக்கு, மலாய்ல பெனாகா லாவுட். இலை தடிமனா பளபளன்னு, நரம்பெல்லாம் நூல் இழுத்த மாதிரி நெருக்கமா ஓடும், வெள்ளைப் பூ நடுவுல மஞ்சளா கேசரம். நெய்தல் பாட்டுல வர்ற அதே புன்னை! பரிச்சைக்காக அந்தப் பேரை மனப்பாடம் பண்ற பிள்ளைங்க அதுக்கு அடியிலயே பாய் போட்டு பிக்னிக் பண்றாங்க, இதுதான் அதுன்னு யாரும் சொல்றதில்ல. மலாய்ல புலாய்னு சொல்ற மரங்கள்ல ஒண்ணு நம்ம ஏழிலைப்பாலை. ரெயின் ட்ரீ நம்ம தூங்குமூஞ்சி மரம், தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்ததுதான், ஆனா சாயந்திரம் இலை மூடிக்கிறதைப் பாத்து நம்மாளுங்க எவ்வளவு சரியா பேர் வச்சிருக்காங்க, மலாய்க்காரங்களும் அதையே பாத்து அஞ்சு மணி மரம்ங்கிறாங்க.

சாகாங்கிற மரத்தோட விதையை நெறைய பேர் குண்டுமணினு சொல்றாங்க, இதை மட்டும் கவனமா சொல்லித் தரணும். சாகா மரத்து விதை முழுச் சிவப்பு, அது ஆனைக்குன்றிமணி. உண்மையான குன்றிமணி கொடியில காய்க்கும், ஒரு முனையில கறுப்பு இருக்கும், கடும் விஷம்.

1963ல திரு லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸ்ங்கிற ரவுண்டானாவுல மெம்பாட் மரக்கன்னு நட்டு ஆரம்பிச்சு வச்ச வேலையாலதான் இன்னைக்கு ரோட்டோரமெல்லாம் நமக்கு நிழல். தேசியப் பூங்காக் கழகத்தோட இணைய வரைபடத்துல ரோட்டு மரத்தைத் தட்டினா அது என்ன இனம்னு வந்துடுது, ரொம்ப நல்ல ஏற்பாடு, ஆனா நான் பாத்தவரைக்கும் தமிழ்ப் பேர் இல்ல. பூமலையில, அதான் பொட்டானிக் கார்டன்ஸ்ல, மரத்துப் போர்டுலயும் அப்படித்தான். அஞ்சு வெள்ளி நோட்டுல இருக்கிற தெம்புசு மாதிரி தமிழ்ல பேர் இல்லாததும் இருக்கு, அதைத் தெம்புசுன்னே சொல்லிக்கலாம், புதுசா எதையும் கட்டிவிட வேணாம். இருக்கிற பேரைத்தான் விட்டுடக் கூடாதுங்கிறேன்.

உங்க மாணவர் பக்கத்துல வாரம் ஒரு மரம் போடுங்க. ஒரு போட்டோ இலைக்கு, ஒண்ணு காய்க்கு, தமிழ்ப் பேர், மலாய்ப் பேர், எந்தப் பேட்டையில பாக்கலாம்னு ஒரு வரி, அவ்வளவு போதும். பூ எப்பவும் இருக்காது, அதனால காயும் இலையும் கட்டாயம் வேணும். ஈசூன் பக்கத்து மரங்களுக்கு நானும் பேரனும் போட்டோ எடுத்து வச்சிருக்கோம், கேட்டா அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஈசூன் வாசகர்